பாட்டியின் மூன்று பெட்டிகள்

பாட்டி இறந்து ஓராண்டு முடிந்த பிறகுதான் அவருடைய அறையைக் காலி செய்யும் மனம் எங்களுக்கு வந்தது. சேலைகளைச் சித்திமார்கள் பிரித்துக்கொண்டார்கள். குத்துவிளக்கு அம்மாவிடம் வந்தது. மிஞ்சியது கட்டிலுக்கு அடியில் இருந்த மூன்று பெட்டிகள். மூன்றிலும் நாவல்கள்.

“பழைய பேப்பருக்குப் போட்டுடலாம் அக்கா. யாரு படிக்கப் போறா?” என்றார் மாமா.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இருப்பது ஒரே ஓர் அலமாரி. ஒரு பெட்டிப் புத்தகங்களுக்குத்தான் இடம். எதை வைத்துக்கொள்வது, எதை அனுப்புவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தேநீரோடு பேச உட்கார்ந்தோம். எழுந்தபோது இரவு மணி பத்து.

முடிவு தெரிந்த கதைகள்

முதல் பெட்டி முழுக்கக் குடும்ப நாவல்கள். பாதிக்கு மேல் ரமணிச்சந்திரன்.

“எல்லாம் ஒரே கதைதானேம்மா! கோபக்காரப் பணக்காரன், ரோஷக்காரப் பொண்ணு, கடைசியில கல்யாணம்” என்று அண்ணன் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. “உங்க பாட்டி விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து பால்மரம் சீவப் போனவங்க. மழை பெஞ்சா அன்னிக்குச் சம்பளம் இல்ல. நாளைக்கு என்ன ஆகும்னு தெரியாத பொழப்பு. படிக்கிற கதையாவது நல்லபடியா முடியணும்னு நெனச்சாங்க. அதுல என்ன தப்பு?”

அண்ணன் மகளுக்குப் பத்தொன்பது வயது. அவள் வேறொரு கேள்வி கேட்டாள். “அதெல்லாம் சரி பாட்டி. ஆனா கைநீட்டி அடிக்கிறவனைக் கதாநாயகி ஏன் மன்னிக்கிறா?” அம்மாவிடம் அதற்குப் பதில் இல்லை. குடும்ப நாவல்கள் சிலவற்றில் இந்தக் குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே பெட்டியில் லட்சுமியின் நாவல்களும் இருந்தன. திரிபுரசுந்தரி என்ற இயற்பெயர் கொண்ட லட்சுமி ஒரு மருத்துவர். பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தவர். ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்காக 1984ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்றவர். குடும்பக் கதை என்றாலே கனமில்லாதது என்று ஒதுக்குபவர்களுக்கு அம்மா எடுத்து நீட்டுவது அவர் பெயரைத்தான்.

லாரியில் படித்த தமிழ்

இரண்டாவது பெட்டியில் மர்ம நாவல்கள். இவற்றில் பல மாமா வாங்கிப் படித்துவிட்டுப் பாட்டியிடம் தள்ளிவிட்டவை. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, நடுவே சுஜாதாவின் கணேஷ் - வசந்த்.

மாமா மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர். முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டினார். கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் அவருக்குத் துணையாக இருந்தவை இந்தச் சின்ன நாவல்கள்தாம். “ரெண்டு கதை தனித்தனியா ஓடும். கடைசியில எங்க வந்து சேரும்னு கண்டுபிடிக்கணும். ராஜேஷ்குமார் கிட்ட நான் தோத்துத்தான் போவேன்” என்று பெருமையாகச் சொன்னார். 1,500க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவரிடம் தோற்பதில் வெட்கம் என்ன?

“அப்ப எதை வைக்கலாம் மாமா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சப்புறம் மறுபடி படிக்க முடியாதும்மா. கணேஷ் - வசந்த் மட்டும் இருக்கட்டும். அதுல வசந்த் பேசுறதுக்காகவே இன்னொரு தடவை படிக்கலாம்” என்றார். மர்ம நாவலைப் பற்றி நான் கேட்ட நேர்மையான விமர்சனம் இது.

ராஜாக்களும் இயந்திர நாயும்

கணினித் துறையில் வேலை செய்யும் அண்ணன் ‘என் இனிய இயந்திரா’வைக் கையில் எடுத்ததும் கீழே வைக்கவில்லை. 1980களில் சுஜாதா எழுதிய அந்தக் கதை நடப்பது 2020களின் தொடக்கத்தில். அதாவது, நாம் கடந்து வந்துவிட்ட காலத்தில்! குழந்தை பெறக்கூட அரசின் அனுமதி வேண்டும். தலைவர் திரையில் மட்டும் தோன்றுவார். புத்தகம் படிக்கும் ஜீனோ என்ற இயந்திர நாய்தான் கதையின் உயிர். “இதில வர்ற கருவிங்க சிலது இப்பப் பழசாத் தெரியுது. ஆனா இயந்திரம் மனுஷனை விட யோசிக்க ஆரம்பிச்சா என்ன ஆகும்ங்கிற கேள்வி இன்னிக்குத்தான் புதுசா இருக்கு” என்றார்.

அவர் மகளுக்கு வேண்டியது ‘பொன்னியின் செல்வன்’. ஐந்து பாகங்களும் தனக்கே என்று அணைத்துக்கொண்டாள். மலாய்ப் பள்ளியில் படித்த அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். 2022லும் 2023லும் வந்த மணிரத்னத்தின் இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு, ஒலிநூலில் கேட்கத் தொடங்கி, பிறகு ஒலியோடு சேர்த்துப் பக்கங்களையும் புரட்டிப் பழகியவள். “என்னைக் கடைசியில அழ வெச்சது மணிமேகலைதான் அத்தை. படத்துல அவளே இல்ல!” என்றாள். கல்கிக்கு இதைவிட நல்ல வாசகி கிடைப்பாளா என்று தோன்றியது.

மூன்றாவது பெட்டியின் அடியில்

மூன்றாவது பெட்டியில் இவற்றுக்குக் கீழே, ஒரு பழைய துண்டில் சுற்றி, சில புத்தகங்கள் தனியாக இருந்தன. அகிலன் நம் நாட்டுத் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’.

எங்களில் ஒருவர்கூட இவற்றைப் படித்ததில்லை. பாட்டி படித்திருந்தார். ‘சயாம் மரண ரயில்’ முதல் பக்கத்தில் பென்சிலால் மூன்று சொற்கள்: “அப்பா போன வழி.”

அறை அமைதியானது. ஜப்பானியர் காலத்தில் பாட்டியின் அப்பா தோட்டத்திலிருந்து ரயில் பாதை போடப் போனார், திரும்பவில்லை என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் பாட்டி பேசியதில்லை. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 1942, 1943ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட, சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே மடிந்தார்கள். அப்போது பாட்டிக்கு ஐந்து வயது.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில், ரமணிச்சந்திரன் நாவலோடு உட்கார்ந்திருந்த பாட்டியிடம், “இதையெல்லாம் போய் ஏன் பாட்டி படிக்கிறீங்க? நல்ல இலக்கியம் எவ்வளவோ இருக்கே” என்று கேட்டிருக்கிறேன். பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அவ்வளவுதான். ‘புயலிலே ஒரு தோணி’யின் பெயரை எங்கோ கேட்டு மேதாவியாகப் பேசிக்கொண்டிருந்த எனக்கு, அது பாட்டியின் கட்டிலுக்கு அடியில் இருந்தது தெரியாது.

அதன்பிறகு அந்த நாவலைப் படித்தேன். முதல் ஐம்பது பக்கம் எனக்கு ஓடவில்லை. பேச்சு ஒரு பக்கம், நினைவு ஒரு பக்கம் என்று தாவுகிறது. பொறுமையாகத் தொடர்ந்தால் மேடானும் பினாங்கும் போர்க்காலமும் கண்முன் விரிகின்றன. பதிப்பிக்க ஆளில்லாமல் நெடுநாள் கிடந்து 1972இல்தான் அது அச்சேறியது. நம் பினாங்குத் தெருக்களைத் தமிழின் சிறந்த நாவல்களில் ஒன்றில் பார்ப்பது தனி மகிழ்ச்சி. ‘சயாம் மரண ரயி’லை மட்டும் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. நான்கு பக்கத்துக்கு ஒருமுறை மூடி வைத்தேன்.

அப்போதுதான் அம்மா சொன்னது எனக்கு முழுதாக விளங்கியது. நடந்ததைத் தெரிந்துகொள்ள ஒரு நாவல் பாட்டிக்குத் தேவைப்பட்டது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு நிம்மதியாகத் தூங்க வேறு நாவல்கள் தேவைப்பட்டன.

அலமாரியில் இப்போது நான்கு வகையும் இருக்கின்றன. மற்றவற்றைப் பக்கத்து முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தோம். மாதம் ஒருமுறை, ஒருவருக்குப் பிடித்த புத்தகத்தை இன்னொருவர் படிக்க வேண்டும் என்று வீட்டில் ஒரு விதியும் போட்டிருக்கிறோம். அம்மா இப்போது ஜீனோவோடு இருக்கிறார். “நாய்க்கு இருக்கிற அறிவு உனக்கு இல்லையேடா” என்று அண்ணனுக்குத் தினமும் அர்ச்சனை. மாமா ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தில் நூறு பக்கம் தாண்டிவிட்டார். இன்னும் ஒரு கொலைகூட விழவில்லை என்று குறைப்படுகிறார். நான் ரமணிச்சந்திரன் படிக்கிறேன். முடிவு தெரிந்தும் இரவு பன்னிரண்டு மணி வரை கீழே வைக்க முடியவில்லை.

உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். பழைய பேப்பருக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை அடிவரை எடுத்துப் பாருங்கள். அதைப் படித்தவர் இன்னும் உங்களோடு இருந்தால், எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.