கடைக்கும் களஞ்சியத்துக்கும் அத்திவாரம்

மீளக் குடியேறும் குடும்பம் முதலில் கட்டுவது வீடு. அடுத்ததாகச் சந்தியில் ஒரு கடை, ஊர்ச் சங்கத்துக்கு ஒரு நெற்களஞ்சியம், சிறிய அரிசி ஆலை என்று சிந்திக்கிறோம். விளைந்த நெல்லை அறுவடை நாளிலேயே மலிவாக விற்காமல், வைத்திருந்து விற்பதற்கு இவை தேவை. ஆனால் வீட்டுக்கு இட்ட அத்திவாரமே இவற்றுக்கும் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அது ஏன் போதாது என்பதை இங்கு பார்ப்போம்.

சுமை எவ்வளவு?

வீட்டின் தரை தாங்குவது மனிதரையும் கட்டில், அலுமாரி போன்ற தளபாடங்களையும் மட்டுமே. ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 150 கிலோ என்று கணக்கிடுவார்கள். ஒரு கன மீற்றர் நெல்லோ ஏறத்தாழ 575 கிலோ நிறையுடையது. மூட்டைகளை 3 மீற்றர், அதாவது 10 அடி உயரத்துக்கு அடுக்கினால் ஒரு சதுர மீற்றரில் 1,700 கிலோ இறங்கும். இது வீட்டுச் சுமையைப்போல் பத்து மடங்குக்கு மேல். மூட்டைகளைச் சுவரில் சாய்த்து அடுக்கினால் சுவரும் வெளியே தள்ளப்படும். ஆகவே சுவருக்கும் மூட்டைக்கும் இடையே ஓர் ஆள் நடக்க இடம் விடவேண்டும். தரைக்குள் நிரப்பும் மண்ணை 6 அங்குலத்துக்கு ஒரு படையாகப் போட்டு, நனைத்து, இடித்து இறுக்கவேண்டும்.

நிலம் எப்படிப்பட்டது?

வன்னியில் நாம் அறிந்த ஒரு சந்திக் கடை, கட்டி முடித்த முதல் மாரியிலேயே மூலையிலிருந்து சரிவாக வெடித்தது. தோண்டிப் பார்த்தபோது, அந்த மூலை பழைய பதுங்கு குழி ஒன்றின் மேல் நின்றது தெரிந்தது. குழியை மூடியவர்கள் மண்ணைத் தள்ளி நிரப்பினார்களே தவிர இடித்து இறுக்கவில்லை. மழைநீர் இறங்க மண் அமிழ்ந்தது. சுவரும் கூடவே அமிழ்ந்தது. அக்குடும்பம் முதற் கடனை அடைக்குமுன்னரே இரண்டாவது கடன் பட நேர்ந்தது.

எமது காணிகள் பலவற்றில் இத்தகைய குழிகளும் தூர்ந்த கிணறுகளும் மறைந்து கிடக்கின்றன. எனவே அயலிலுள்ள முதியோரிடம் முதலில் விசாரியுங்கள். பின்னர் அத்திவாரக் கோடு நெடுகிலும் தோண்டிப் பாருங்கள். கிடங்கின் அடியில் அலவாங்கு இலகுவாக இறங்கினால் அது நிரப்பிய மண். மனிதர் கைபடாத இறுகிய மண் வரும்வரை தோண்டி, 1:3:6 கொங்கிறீற்றால் அக்குழியை நிரப்பலாம். குழி பெரிதானால் கட்டடத்தைச் சற்றுத் தள்ளிக் கட்டுவதே மலிவு.

ஓர் எச்சரிக்கை. மிதிவெடி அகற்றப்பட்ட காணி என்றாலும், அத்திவாரக் கிடங்கு துப்புரவு செய்த ஆழத்துக்கும் கீழே போகலாம். ஐயத்துக்குரிய இரும்புப் பொருள் எதுவும் கண்ணிற்பட்டால் தொடாதீர்கள். வேலையை நிறுத்தி, வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கு உடனே அறிவியுங்கள்.

மண்ணின் குணமும் இடத்துக்கு இடம் வேறுபடும். முருங்கன் பகுதியின் கரிய களிமண் மாரியில் வீங்கும். கோடையில் சுருங்கி வெடிக்கும். அங்கே வெடிப்பு இறங்கும் ஆழத்துக்கும் கீழே அத்திவாரம் இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் செம்மண்ணின் கீழ் சுண்ணக்கல் விரைவில் தட்டுப்படும். அது நல்லதே. ஆயினும் சுண்ணக்கல்லில் பொந்துகள் உண்டு. அலவாங்கால் தட்டும்போது வெற்றொலி கேட்டால் அவ்விடத்தைத் திறந்து பார்க்கவேண்டும்.

கலவை

மண்வெட்டியால் அள்ளி மதிப்பிடுவது கணக்கல்ல. 1 அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குல உயரம் கொண்ட பலகைப் பெட்டி ஒன்று செய்யுங்கள். 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றின் அளவு அதுவே. 1:2:4 கலவைக்கு ஒரு பை சீமெந்து, இரண்டு பெட்டி மணல், நான்கு பெட்டி முக்கால் அங்குலக் கருங்கற் சல்லி. கம்பி வைத்த தூணுக்கு ஒரு பைக்கு ஒன்றரைப் பெட்டி மணலும் மூன்று பெட்டி சல்லியும் போதும்.

தண்ணீர் ஒரு பைக்கு ஏறத்தாழ 25 லீற்றர். மணல் ஈரமாயின் அதிலும் குறைவு. கொட்டுவது இலகு என்று மேலும் தண்ணீர் விடுவது வழக்கம். மிகுதித் தண்ணீர் காய்ந்து போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாகும். அந்த அளவுக்குப் பலம் குறையும். கடல் மணலும் உவர்க் கிணற்று நீரும் வேண்டாம். உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கொங்கிறீற்றை உடைக்கும். மண்ணுக்குள் போகும் கம்பியைச் சுற்றி 2 அங்குலக் கொங்கிறீற் இருக்கும்படி, சாந்துக் கட்டிகள் வைத்துக் கம்பியை உயர்த்துங்கள்.

கொங்கிறீற் காய்வதால் இறுகுவதில்லை. சீமெந்து தண்ணீரோடு சேர்ந்து வேறொரு பொருளாக மாறுவதாலேயே இறுகுகிறது. ஆகவே குறைந்தது 7 நாட்களுக்கு நனைத்த சாக்கால் மூடி ஈரம் காக்கவேண்டும். அதன் பலத்தை 28ஆம் நாளிலேயே அளப்பார்கள். அதற்குமுன் பாரம் ஏற்ற அவசரப்படவேண்டாம். எமது பெண்களும் பிள்ளைகளும் செய்யக்கூடிய இந்த வேலைக்குச் செலவு இல்லை. ஆனால் அதிகமாகக் கைவிடப்படுவதும் இதுவே.

ஒப்பந்தம்

அத்திவாரம் மூடப்பட்டால் பின்னர் எவராலும் பார்க்க முடியாது. எனவே கிடங்கையும் கம்பியையும் நீங்கள் நேரில் பார்த்த பின்னரே கொங்கிறீற் போடுவது, அதன் பின்னரே முதற் பணம் கொடுப்பது என்று மேசனாரோடு எழுதி வையுங்கள். பிரதேச சபையின் அனுமதியையும் முன்னரே பெறுங்கள். மாடிக் கட்டடத்துக்கோ பெரிய களஞ்சியத்துக்கோ அத்திவாரத்தின் அகலத்தையும் கம்பியின் அளவையும் பொறியியலாளர் அல்லது தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரே கணிக்கவேண்டும். எமது கணிப்பு அங்கே போதாது.

பாறைமேல் வீடு கட்டியவனின் உவமையை நாம் அறிவோம். அவன் ஆழத் தோண்டினான் என்பதையும் லூக்கா நற்செய்தி சேர்த்துச் சொல்கிறது. பாறை அவனுக்குத் தானாகக் கிடைக்கவில்லை, தோண்டித்தான் கண்டான். பலமுறை எல்லாவற்றையும் விட்டு ஓடிய எமக்கு, மண்ணுக்குள் பணத்தைப் புதைப்பது வீண்செலவாகத் தோன்றலாம். பணம் போதாவிட்டால் கடையின் நீளத்தைக் குறையுங்கள். பூச்சைப் பிந்திப் போடுங்கள். அத்திவாரத்தில் மட்டும் குறைக்காதீர்கள். மற்றவற்றைப் பின்னர் திருத்தலாம். இதைத் திருத்த முழுக் கட்டடத்தையும் இடிக்கவேண்டி வரும்.