சோபாவில் ஸ்டிக்கர், கழுத்தில் டேக், கையில் பிரியாணி!

இசை வெளியீட்டு விழாவுக்கு பாஸ் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். பாஸே இல்லாமல், கழுத்தில் ஒரு டேக்கை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக மதியமே உள்ளே போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் மகா பாக்கியசாலிகள். எனக்கு அந்தப் பின்வாசலைத் திறந்துவிட்டவர் தயாரிப்பாளரும் இல்லை, பி.ஆர்.ஓ.வும் இல்லை. திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு ஜிம் பையன். அன்றைக்கு அந்த கேட்டில் பவுன்சர். “நம்ம ஏரியா அண்ணன்தான், வுடு மச்சான்” என்று கூட நின்றவரிடம் சொன்னான். அவ்வளவுதான், சொர்க்கவாசல்!

எந்தப் படம், எந்த ஹீரோ என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அடுத்த விழாவுக்கு கேட் சாத்திவிடும், பையனுக்கும் வேலை போய்விடும். இடத்தைச் சொல்கிறேன்: பெரியமேடு நேரு உள்விளையாட்டு அரங்கம். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வந்த கட்டடம். இப்போதெல்லாம் அங்கே யார் ஜெயித்தார்கள் என்ற செய்தியைவிட, யார் என்ன குட்டிக்கதை சொன்னார்கள் என்ற செய்திதான் அதிகம் வருகிறது. 2022 செப்டம்பரில் ‘பொன்னியின் செல்வன்’ விழாவுக்கு ரஜினியும் கமலும் ஒரே மேடையில் ஏறியது இங்கேதான். அதே வருடம் டிசம்பரில் ‘வாரிசு’. 2023 ஜூலையில் ‘ஜெயிலர்’. காக்கா, கழுகு கதையை ரஜினி அவிழ்த்துவிட்டு, ரசிகர்கள் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டார்களே, அது. அடுத்து ‘லியோ’ விழா நடக்கவேண்டியது. பாஸ் கேட்டு வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாது, பாதுகாப்புப் பிரச்னை வரும் என்று தயாரிப்புத் தரப்பே ரத்து செய்துவிட்டது. படம் ஓடிய பிறகு நவம்பரில் இதே அரங்கில் வெற்றி விழா வைத்து மனதை ஆற்றிக்கொண்டார்கள். பாஸுக்கு இருக்கிற மவுசு அப்படி. நானோ மதியம் இரண்டு மணிக்கு, ஒரு ஈ காக்கா இல்லாத அரங்கத்தில், மேடைக்கு எதிரே நடு சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்!

ரொம்ப நேரம் இல்லை. கையில் பட்டியலோடு ஒரு பெண் ஓடி வந்து எழுப்பிவிட்டார். சோபா சோபாவாக முதுகில் பெயர் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை அவருடையது. பார்ப்பதற்கு எளிது, உள்ளுக்குள் அது ஒரு மாநில அமைச்சரவை அமைப்பு. இரண்டு பெரிய ஹீரோக்களுக்கு இப்போது பேச்சுவார்த்தை சரியில்லையாம். நடுவே ஒரு தயாரிப்பாளரைப் போட்டார். அந்தத் தயாரிப்பாளருக்கும் இடது பக்கத்து ஹீரோவுக்கும் பழைய பாக்கி ஒன்று இருக்கிறதென்று யாரோ காதில் ஓத, ஸ்டிக்கர் பிய்ந்து அடுத்த சோபாவுக்குப் போனது. கடைசியில் நடுவில் ஒரு மூத்த பாடகியை உட்காரவைத்தார்கள். சமாதானம் பிறந்தது. சாயங்காலம் டி.வி.யில் பார்க்கிறவர்களுக்கு, ஆஹா, என்ன ஒற்றுமை!

மேடையில் அப்போது ஹீரோ என்ட்ரி ஒத்திகை. ஹீரோ எங்கேயோ வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். அவருக்குப் பதிலாக ஒல்லியாக ஒரு உதவி இயக்குநர், ஹவாய் செருப்போடு ராம்ப்பில் நடக்கிறார். பின்னால் எல்.இ.டி. சுவரில் நெருப்பு பற்றி எரிகிறது, புகை மிஷின் கக்குகிறது, பாட்டில் எந்த அடிக்கு எந்தப் படியில் கால் வைக்கவேண்டும் என்று கீழே இருந்து மைக்கில் கணக்கு சொல்கிறார்கள். அந்தத் தம்பி காலியான கேலரியைப் பார்த்துக் கையை அசைத்து, நெஞ்சில் கை வைத்து, குனிந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டாரே பார்க்கணும்! மேலே சாரத்தில் தொங்கிக்கொண்டிருந்த லைட்மேன்கள் விசில் அடித்தார்கள். சாயங்காலம் ஹீரோ அதையே செய்தபோது அரங்கம் இடிந்தது உண்மைதான். ஆனால் நடிப்பு மதியம்தான் நன்றாக இருந்தது.

ஒரு ரகசியம். ரசிகர்கள் உள்ளே வந்ததும், நிகழ்ச்சி ஆரம்பிக்கும் முன்பே, கேமரா டீமில் ஒருவர் முன்னால் வந்து, “கைதட்டுங்க... இப்ப சிரிங்க... இப்ப கண்ணு கலங்குற மாதிரி...” என்று வேலை வாங்கிவிடுவார். அது எங்கே ஒட்டப்படும் என்று எடிட்டருக்கே வெளிச்சம். ஹீரோ தன் அப்பாவைப் பற்றிப் பேசும்போது ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தால், அந்த அம்மா அதைத் துடைத்தது சாயங்காலம் ஐந்தரை மணிக்கு!

இனி எங்கள் ஏரியா விஷயத்துக்கு வருகிறேன். சினிமாவுக்கு வடசென்னை என்றால் கையில் அரிவாள். ராயபுரம், காசிமேடு பக்கம் ஷூட்டிங் என்றாலே ஒரு துரத்தல், ஒரு குத்து. எண்ணூர் என்றால் புகைபோக்கியைப் பின்னால் வைத்து கிளைமாக்ஸ். அந்தப் பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-லேயே மூடியாகிவிட்டது, வில்லன்கள்தான் இன்னும் காலி செய்யவில்லை. நேரில் என்னவென்றால், ஸ்டாரைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புகிற வேலையில் இருப்பதே எங்கள் பையன்கள். ‘சார்பட்டா பரம்பரை’யில் பார்த்தீர்களே குத்துச்சண்டை, அந்தப் பழக்கத்தின் மிச்சம் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் ஜிம் ஜிம்மாக இருக்கிறது. அங்கிருந்து வேனில் ஏறினால் கறுப்பு டி-ஷர்ட், வயர் தொங்கும் காது, ஒரு நாள் பேட்டா, இரண்டு பிரியாணி. இரண்டாவது பிரியாணி கேட்டால்தான் வரும்.

பாட்டும் எங்கள் ஏரியாவிலிருந்துதான். கானா மேடையேறினால் கேலரி மொத்தமும் எழுந்துவிடுகிறது இன்றைக்கு. ஒரு காலத்தில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடியதோடு அதற்கு மரியாதை முடிந்தது. 2012-ல் ‘அட்டகத்தி’ வந்து புளியந்தோப்பு கானா பாலாவின் பாட்டை ஊரையே பாடவைத்தது. 2018 ஜனவரி 6-ம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் முதல் கச்சேரிக்கு, கோட்டும் சூட்டுமாக கானா பாடகர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். அந்தக் குழுவில் பாடிய ராயபுரத்துப் பெண் இசைவாணி, 2020-ல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். எங்கள் பக்கத்தில் அதைச் சொல்லிக்கொள்ளாத டீக்கடை இல்லை.

நான் பார்த்த விழாவில் கானாவுக்கு முன் பறை. தோல் தளர்ந்திருக்கிறது, தீயில் காட்டி முறுக்கேற்றவேண்டும். உள்ளே தீக்குச்சி உரசினாலே அலாரம் அடிக்கும் என்று பாதுகாப்பு அதிகாரி பிடிவாதம். சரி என்று பறைக்காரர்கள் நாலு பேரும் பறையைத் தூக்கிக்கொண்டு கார் பார்க்கிங்குக்கு ஓடினார்கள். பழைய பேப்பரைக் குவித்துக் கொளுத்தி, தோலைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் கோடி ரூபாய் காருக்குள் ஒரு நடிகை, கண்ணாடியை இறக்கி, “அண்ணா, இன்னொரு தடவை தட்டுங்களேன்” என்றார். தட்டினார்கள். அந்த ஐந்து நிமிடக் கச்சேரிக்கு பாஸ் வேண்டியதில்லை. உள்ளே பாதி பேருக்கு அது நடந்ததே தெரியாது.

விழா முடிய நள்ளிரவு. சென்ட்ரலிலிருந்து எங்கள் பக்கம் போகும் மெட்ரோ 2021-ல் விம்கோ நகர் வரை வந்துவிட்டதில் எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்தான். ஆனால் பதினோரு மணி வாக்கில் கடைசி ரயில் போய்விடும். எந்த ஹீரோவும் பதினொன்றுக்குள் பேச்சை முடித்ததாக வரலாறு இல்லை. பவுன்சர்கள் வேனில் நெருக்கிக்கொண்டு எனக்கும் ஒரு சீட் கொடுத்தார்கள். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்த வேனில் ஒரே கேள்வி: “ணா, தலைவரு இன்னா சொன்னாரு?” எனக்கு ஆச்சரியம். நாலு மணி நேரம் தலைவருக்கு ஆறடி தூரத்தில் நின்றவர்கள் இவர்கள்! அப்புறம்தான் புரிந்தது. கூட்டத்தைப் பார்த்து நிற்பதுதான் வேலை. மேடைக்கு முதுகு. திரும்பிப் பார்த்தால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள். ஸ்பீக்கர் பக்கத்திலேயே இருப்பதால் காதில் இடிதான் கேட்கும், பேச்சு கேட்காது. நான் காக்கா கதை மாதிரி ஏற்ற இறக்கத்தோடு முழுப் பேச்சையும் வேனில் நடித்துக் காட்டினேன். விசில்!

சில வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் போட்டார்கள். ஹீரோ சிரிக்கும் குளோஸப் ஒவ்வொன்றிலும், சோபாவுக்குப் பின்னால் அகலமாக ஒரு கறுப்பு டி-ஷர்ட் முதுகு. பையனின் அம்மா அன்று சாயங்காலமே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

“ஏம்ப்பா, நீ பத்திரிகையில கீறியே, அந்தக் கேமராக்காரருகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கடைசி வரைக்கும் எம்புள்ளை திரும்பவே இல்லியே!”