மழலைகளின் ஸ்போர்ட்ஸ் டே: கோப்பை வேண்டாம், கும்மாளம் போதும்!

டிசம்பர் தொடங்கி பிப்ரவரி வரை பல பள்ளிகளில் ஸ்போர்ட்ஸ் டே களைகட்டும். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நூறு மீட்டர், ரிலே, கயிறு இழுத்தல் என்று அட்டவணை போடுவார்கள். அதையே கொஞ்சம் சுருக்கி ப்ரீகேஜி, எல்கேஜி, யூகேஜி குழந்தைகளுக்கும் வைத்துவிடுவார்கள். அப்புறம் மைதானத்தில் நடப்பது நாம் பார்த்துப் பழகியதுதான். விசில் அடித்ததும் நான்கு குழந்தைகள் ஓடும். ஒன்று நின்ற இடத்திலேயே நின்று கூட்டத்தில் அம்மாவைத் தேடும். இன்னொன்று பாதி தூரம் வந்து, ஓரத்தில் மொபைலோடு நிற்கும் அப்பாவைப் பார்த்ததும் கோட்டை விட்டு அவரிடமே போய்விடும். "இங்க வராதேடா, அங்க ஓடு!" என்று அப்பா கத்துவார். குழந்தை உதடு பிதுக்கி அழத் தொடங்கும்.

அந்தக் குழந்தை ஒரு தப்பும் செய்யவில்லை. தனக்குப் பிடித்தவரிடம் ஓடிப் போவதுதான் அந்த வயதின் ஓட்டம். அதைப் புரிந்துகொண்டு திட்டம் போட்டால் பாதி வேலை முடிந்தது. பெற்றோரை ஓரத்து நாற்காலியிலிருந்து எழுப்பி, எல்லைக்கோட்டில் மண்டியிட்டுக் கையை விரித்து உட்காரச் சொல்லுங்கள். எந்தக் குழந்தையும் பாதியில் நிற்காது.

எந்த வயதில் எது வரும்?

3, 4 வயதுக் குழந்தைகள் ஒரு நாளைக்குக் குறைந்தது 180 நிமிடம் ஓடியாடி இருக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஆட வேண்டும், திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அடுக்குமாடி வீட்டில் வளரும் குழந்தைக்கு இது எளிதில் கிடைப்பதில்லை. ஸ்போர்ட்ஸ் டே அன்றாவது எல்லாக் குழந்தையும் நேரம் முழுக்க ஆட வேண்டும். ஒரு நிமிடம் ஓடிவிட்டு ஒன்றரை மணி நேரம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஏற்பாடு இந்த வயதுக்கு ஆகாது.

விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது உடல் வளர்ச்சியையும் பார்க்க வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வளர்ச்சிப் பட்டியல், பெரிய பந்தைப் பெரும்பாலும் பிடித்துவிடுவதை 4 வயதிலும், ஒற்றைக்காலில் துள்ளுவதை 5 வயதிலும் வைக்கிறது. அப்படியென்றால் ப்ரீகேஜி குழந்தைக்கு நொண்டியாட்டம் வைப்பது அநியாயம். சாக்கு ஓட்டமும் அப்படித்தான். கால் சிக்கி முகம் அடிபட விழும். தரையில் கோலமாவால் வட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றாகத் தாவிப் போகச் சொன்னால் அதே குதூகலம் கிடைக்கும்.

எலுமிச்சையும் ஸ்பூனும் எல்லோருக்கும் பிடித்த போட்டி. ஆனால் அந்தச் சின்ன ஸ்பூனில் எலுமிச்சை நிற்காது. குழந்தை கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடிக்கும், உடனே "கை வைக்காதே" என்று மிஸ் சொல்லுவார். ஸ்பூனுக்குப் பதில் குழிக்கரண்டி, எலுமிச்சைக்குப் பதில் உருளைக்கிழங்கு கொடுங்கள். குழந்தை நாக்கைத் துருத்திக்கொண்டு, கிழங்கைவிட்டுக் கண்ணை எடுக்காமல், அடிமேல் அடி வைத்து வந்து சேரும்.

சேர்ந்து ஆடலாம்

கையில் இருப்பதை வைத்தே ஒரு காலை நேரத்தை நிறைத்துவிடலாம்.

*விலங்கு நடை:* பத்து மீட்டர் போதும். யானைபோல் அசைந்து, தவளைபோல் தாவி, நண்டுபோல் பக்கவாட்டில் போக வேண்டும். அப்பா, அம்மாவும் கூடவே தாவ வேண்டும்.

*பள்ளிக்குக் கிளம்பு:* குழந்தை ஷூ மாட்டி, பையைத் தோளில் போட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வர வேண்டும். பெற்றோர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். வாயால் உற்சாகப்படுத்தலாம், கையால் உதவக் கூடாது. இடது ஷூவை வலது காலில் மாட்டினாலும் அது வெற்றிதான்.

*வேட்டிப் பந்து:* எட்டு முழ வேட்டியின் ஓரத்தைப் பெரியவர்களும் குழந்தைகளும் சுற்றி நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு லேசான பந்து. எல்லோரும் சேர்ந்து தூக்கிப் போட்டு, கீழே விழாமல் ஏந்த வேண்டும். இதில் தோற்பவர் யாருமில்லை.

*உப்பு மூட்டை:* அப்பாவோ அம்மாவோ குழந்தையை முதுகில் சுமந்து போக வேண்டும். நடக்கலாம், ஓடக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

*பாட்டில் சாய்ப்பு:* தாத்தா, பாட்டிகளுக்கானது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே பந்தை உருட்டி, காலி பாட்டில்களைச் சாய்க்க வேண்டும். பந்தை எடுத்துவந்து கொடுப்பது பேரன், பேத்தியின் வேலை.

மியூசிக்கல் சேர் வைக்க ஆசைப்பட்டால் ஒரு மாற்றம் செய்யுங்கள். நாற்காலி குறையட்டும், ஆள் குறைய வேண்டாம். இருக்கும் நாற்காலிகளில் எல்லோரும் நெருக்கியடித்து, மடியில் உட்கார்ந்து சமாளிக்கட்டும்.

இவை வேண்டாம்

காலில் பலூன் கட்டி உடைக்கும் விளையாட்டு இந்த வயதுக்குக் கூடாது. உடைந்த துண்டு தொண்டையில் போனால் மூச்சை அடைத்துவிடும். 8 வயதுக்குட்பட்டோருக்கு ஆபத்து என்ற எச்சரிக்கையைப் பலூன் உறையில் அச்சிட வேண்டும் என அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது. வேகமாக பன், பிஸ்கட் தின்னும் போட்டிகளையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள்.

காலை 8 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடித்துவிட வேண்டும். சிமென்ட் தரையைவிட மண்ணும் புல்லும் நல்லது. ஷாமியானா நிழல், குடிநீர், முதலுதவிப் பெட்டி, பக்கத்திலேயே கழிப்பறை ஆகிய நான்கும் முந்தின நாளே தயாராக இருக்க வேண்டும். அணிவகுப்பு வேண்டாம். சிறப்பு விருந்தினர் பேச்சு ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஒலிபெருக்கிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு ஒரு அமைதியான மூலை ஒதுக்குங்கள்.

யாரும் வராத குழந்தை

திட்டமிடும்போது முதலில் யோசிக்க வேண்டியது இந்தக் குழந்தையைத்தான். வேலைநாளில் விழா வைத்தால் தினக்கூலிக்குப் போகும் பெற்றோர் ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள். அப்படியும் வர முடியாதவர்களின் பட்டியலை முன்கூட்டியே எடுத்து, ஒவ்வொரு குழந்தைக்கும் அதற்குப் பழகிய ஒரு மிஸ்ஸையோ ஆயாம்மாவையோ துணையாக நியமியுங்கள். அம்மா வராத குழந்தை எல்லைக்கோட்டில் யாருமில்லாமல் வந்து நிற்கக் கூடாது. விழாவுக்கென்று தனி டீ-ஷர்ட் வாங்கச் சொல்லி வீட்டுக்குச் செலவு வைக்கவும் வேண்டாம்.

இதையெல்லாம் அங்கன்வாடியிலும் செய்யலாம். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் சத்துணவோடு முன்பருவக் கல்வியும் ஒரு சேவைதான். குழிக்கரண்டி, உருளைக்கிழங்கு, வேட்டி, கோலமாவு எல்லாம் எந்த ஊரிலும் கிடைக்கும். வாசல் மைதானமாகும்.

பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஐந்து வயது வரை முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு வேண்டாம். எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரிப் பதக்கம் போடுங்கள். பெற்றோருக்கும் ஒன்று: படம் எடுக்கப் பள்ளியே ஒருவரை வைக்கட்டும். நீங்கள் மொபைலைப் பையில் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பிள்ளையோடு மைதானத்தில் இறங்குங்கள்.