பழைய பெட்டிக்கு ஏற்ற சில்லு

பெரும்போக அறுவடைக் காலத்தில் பாலமுனை வயற்பாதைகளில் நெல்மூட்டை சுமந்த உழவு இயந்திரப் பெட்டிகள் ஓய்வின்றி ஓடும். நடுவழியில் ஒரு சில்லு கெட்டால், ஈர நெல் மூட்டைக்குள்ளேயே புழுங்கிவிடும். ஆயினும் மேலதிகச் சில்லோடு புறப்படும் பழைய பெட்டிகளை நாம் அரிதாகவே காண்கிறோம். பொருத்தமான சில்லு எளிதில் அகப்படுவதில்லை.

ரயரில் 7.50-16 என்றிருந்தால், அதன் அகலம் ஏறத்தாழ ஏழரை அங்குலம். உள்ளே அமரும் இரும்பு வளையத்தின் விட்டம் 16 அங்குலம். பலர் இவ்வெண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடுகின்றனர். சில்லைக் குடத்தோடு பிணைப்பவை போல்ட்டுகள் அல்லவா? அவற்றின் துளைகள் அமைந்த வட்டத்தையும் அளத்தல் வேண்டும். ஆறு துளையாயின், எதிரெதிர்த் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தாற் போதும். ஐந்தாயின் நேர் எதிரே துளை இராது. அடுத்தடுத்த இரு துளைகளின் நடுவிடைத் தூரத்தை 1.7ஆல் பெருக்குக. ஏன் 1.7 என்பதைக் கேத்திரகணிதம் பயிலும் மாணவர் தாமே கண்டறியலாம்!

பழைய சில்லுகளின் அளவு அங்குலத்தில் இருக்கும். இன்றைய கடைக்காரர் மில்லிமீற்றரில் சொல்வார். அவர் கூறும் 139.7 நம் பழைய ஐந்தரை அங்குலமே. வட்டம் ஒத்தும் நடுத்துவாரம் குடத்தின்மேல் ஏறாவிடின் பயனில்லை. துளையை அராவிப் பெருப்பித்து மாட்டுவோரும் உளர். பாரம் ஏறியதும் நட்டுகள் தளர்ந்து, சில்லே கழன்றோடும். அறுவடைக்கு முன்னரே, கழற்றிய சில்லைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.