மோட்டார் டிஷ்: பெட்டியில் போட்டிருக்கும் 120 எந்த ஊருக்கு?

தீபாவளித் தள்ளுபடி இந்த வாரத்தோடு முடிகிறது. மழையும் நெருங்கிவிட்டது, தூணுக்குப் போட்ட கான்கிரீட் இறுகச் சில நாட்களாவது வேண்டும். இந்த அவசரத்தில் வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்தைச் சொல்கின்றன: "120 செ.மீ. டிஷ் வரை தாங்கும் என்று பெட்டியில் இருக்கிறது. நம்பி வாங்கலாமா?"

சந்தா கட்டி டிடிஎச் மட்டும் பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். உங்களுக்கு மோட்டார் தேவையில்லை. 91.5, 93.5 போல அருகருகே உள்ள இரண்டு செயற்கைக்கோள்கள்தான் வேண்டும் என்றால், ஒரே டிஷ்ஷில் இரண்டு எல்என்பி மாட்டினால் போதும். இலவச சானல்களைத் தேடிக் கிழக்கும் மேற்கும் துழாவும் ஆசை இருப்பவர்களுக்கே இந்தச் செலவு.

மோட்டாரின் சாமர்த்தியம் என்னவென்றால், ஒரே ஓர் அச்சில் சுழன்று செயற்கைக்கோள் வரிசை முழுவதையும் தொட்டுவிடுகிறது. அதற்காக அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக வைக்கிறார்கள். அதாவது வடக்கு நுனி, ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை மட்டும் உயர்ந்திருக்கும். அதன்மேல் டிஷ்ஷைத் தெற்குப் பக்கம் சற்றே குனிய வைக்க வேண்டும். சென்னைக்கு இது 2.3 பாகை.

வில்லங்கம் இந்த அச்சின் சாய்வில்தான். லண்டனில் அச்சு 51 பாகைக்கு மேல் நிமிர்ந்திருக்கும். சென்னையில் 13 பாகைதான், ஏறக்குறைய படுத்த நிலை. வீட்டு நிலைக்கதவை எந்த இடத்தில் விட்டாலும் அப்படியே நிற்கிறது. மரப்பெட்டியின் மூடியைப் பாதி திறந்து பிடித்தால் கை கடுக்கிறது. கீல் நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்பதே வேறுபாடு. கணக்காகச் சொன்னால், பாரம் அட்சரேகையின் கொசைனுக்கு ஏற்பக் கூடும்: லண்டனில் 0.62, சென்னையில் 0.97. அதே டிஷ்ஷை அதே அளவு பக்கவாட்டில் சாய்த்தாலும், இங்கே பல்சக்கரத்தின் மீது ஒன்றரை மடங்கு முறுக்குவிசை விழும். நாகர்கோவிலில் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

நான் பார்த்த எந்தப் பெட்டியிலும் 120 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அட்சரேகை இல்லை. ஆகவே அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செ.மீ. கணக்கை விட்டுவிட்டுக் கிலோ கணக்கைக் கேளுங்கள். சொல்லப்பட்ட எடையில் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருக்கும் டிஷ்ஷையே மாட்டுங்கள். மோட்டார் உடனே எரிந்துவிடாது. மெல்ல மெல்லப் பற்கள் தேய்ந்து ஆட்டம் விழும். கேயூ பேண்டில் 90 செ.மீ. டிஷ் ஒரு பாகை விலகினாலே சிக்னல் ஏறத்தாழ பாதியாகிவிடும். அப்புறம் மழைநாளில் படம் நிற்காது. பழி மேகத்தின் மேல் விழும்.

'டைசெக் 1.3' என்ற விளம்பரத்துக்கும் மயங்க வேண்டாம். மோட்டாருக்குக் கட்டளை அனுப்பும் டைசெக் முறையை வகுத்த யூடெல்சாட்டின் பட்டியலில் மோட்டாருக்கு உரியது 1.2. 1.3 என்று விற்கப்படுவது, இத்தாலிய நிறுவனமான ஸ்டாப் உருவாக்கிய யூசல்ஸ் கணக்குமுறை. கணக்கு நல்ல கணக்குதான். செயற்கைக்கோள் நிற்கும் 105.5 பாகைக்கும் சென்னையின் தீர்க்கரேகைக்கும் இடையே வித்தியாசம் 25 பாகை. மோட்டார் திரும்ப வேண்டியதோ 29. இதைச் செட்டாப் பெட்டியே போட்டுக்கொள்ளும். ஆனால் அது மோட்டாரின் பூஜ்யம் சரியான தெற்கில் இருப்பதாக நம்பிக்கொண்டுதான் போடுகிறது. முதலில் 83 பாகைச் செயற்கைக்கோளுக்கு மோட்டாரை அனுப்புங்கள். பிறகு முழு அமைப்பையும் தூணில் திருப்பி சிக்னலை உச்சத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

6, 8 அடி சி-பேண்ட் டிஷ்ஷுக்கு? 36 வோல்ட் ஆக்சுவேட்டர். அச்சிலிருந்து தள்ளி நின்று தள்ளுவதால் பாரம் தாங்கும், வானத்தின் இரு கோடிக்கும் எட்டாது.

தூண் கொஞ்சம் சாய்ந்தால்? கூடாது, இரண்டு பக்கமும் ரசமட்டம் வையுங்கள்.

அட்சரேகை அளவுகோல்? 8 முதல் 13 பாகை வரை இறங்குகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

கேபிள்? செம்புக் கம்பி உள்ள ஆர்ஜி-6, முடிந்த அளவு குட்டையாக.

புயல் எச்சரிக்கை வந்தால்? டிஷ்ஷை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். பெரிய டிஷ் என்றால் கழற்றி இறக்கிவிடுங்கள்.