தொட்டியிலே பூக்கும் கள்ளி

‘கள்ளிச்செடி வீட்டுக்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது’ என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. அவ்விதம் சொல்லும் வீட்டிலேயே தொட்டியில் ஒரு பிரம்ம கமலம் மொட்டு விட்டதென்றால், அன்றிரவு தெருவே அங்கே கூடிவிடுகிறது. விளக்கேற்றி, ஊதுவத்தி கொளுத்தி, நடுநிசிவரை விழித்திருந்து பூ விரிவதைத் தரிசிக்கிறார்கள். விடிந்தால் வாடிவிடும் அந்த வெண்மலர், மெக்ஸிகோ பக்கத்துக் காடுகளிலிருந்து வந்த ஒரு கள்ளியின் பூ! மெய்யான பிரம்ம கமலமோ இமயமலைச் சரிவுகளில் பூப்பது, சூரியகாந்தியின் குடும்பம். ஆகவே கள்ளிக்குப் பயப்படுவோர் பலர், அதை அறியாமலே அதற்குக் கற்பூரம் காட்டி வருகிறார்கள்.

இங்கே ஒரு குலபேதத்தைத் தெளிவாக்க வேண்டும். நம் கரம்புகளில் நிற்கும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் ஆமணக்குக்கு உறவு. கீறினால் வடியும் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம். குழந்தைகள் உள்ள வீட்டில் அவற்றை எட்ட வைப்பதே நலம். ‘காக்டஸ்’ என்னும் கள்ளிகளோ, ஏறத்தாழ எல்லாமே, அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. முள் புறப்படும் இடத்தில் பஞ்சுபோன்ற ஒரு சிறு மெத்தை இருக்கும், அதுவே அடையாளம்.

இவ்வினம் நம் சீமையில் பரவிய கதையில் கம்பெனியாரின் வியாபார ஆசைக்கும் பங்குண்டு. ஆங்கிலப் படை அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்குச் சாயம் தந்தது, சப்பாத்துக்கள்ளியில் வாழும் ஒரு பூச்சி. அந்த வியாபாரம் ஸ்பெயின் தேசத்தார் கையில் இருந்தது. அதைப் பறிக்க எண்ணி, சென்னையிலே டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்ஸன் 1780-களின் பிற்பகுதியில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-ல் காப்டன் நீல்ஸன் என்பவர் பிரேஸிலிலிருந்து பூச்சியையும் கொண்டுவந்தார். வந்ததோ மட்டமான ஜாதி! சாயம் தேறவில்லை, பூச்சி கள்ளியைத்தான் தின்றது. பிறகு வேறொரு சப்பாத்துக்கள்ளி நிலங்களை அடைத்துக்கொண்டபோது, 1926-ல் இலங்கையிலிருந்து வேறு பூச்சி தருவித்து அதை ஒடுக்கினார்கள். கள்ளி என்றதும் நம்மவர் முகம் சுளிப்பதற்கு அந்தப் படையெடுப்பும் ஒரு காரணமாயிருக்கலாம்.

ஜன்னலோரத்துச் சிறு கள்ளிகளின்மேல் அந்தப் பழியைச் சுமத்துவது நியாயமன்று. ‘மாமிலாரியா’ என்னும் இனம் எலுமிச்சங்காய் அளவிலேயே பூக்கத் தொடங்கும். உச்சியைச் சுற்றி ரோஜா வர்ணத்தில் கிரீடம் சூட்டியதுபோல் மலர்கள் வட்டமிட்டு நிற்கும். அடைந்த வீடுகளிலே குடியிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு சாண் இடத்தில் இதைவிட நல்ல தோட்டம் கிடைப்பதரிது.

ஆனால் கூடலூர்வாசிகளான எங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. 1895-ல் பெரியாற்று அணை கட்டப்பட்டு, அந்த ஜலத்தால் இருபோகம் விளையும் பள்ளத்தாக்கு இது. ஊற்றி ஊற்றியே பழகிய கைகள்! வாடினாலும் தண்ணீர், வாடாவிட்டாலும் தண்ணீர். காக்டஸ் இந்த அன்பினாலேயே மாண்டுபோகிறது. பகலில் இதன் மூச்சுத் துவாரங்கள் மூடியிருக்கும். குளிர்ந்த இரவில்தான் திறக்கும். ஆதலால் செலவு சொற்பம். வேரில் ஈரம் தங்கினால் அடித்தண்டு அழுகிவிடும். மேலே பச்சையாய்த் தோன்றும்போதே உள்ளே காரியம் முடிந்திருக்கும்.

ஆற்றுமணலும் பொடித்த செங்கல்லும் முக்கால் பங்கு, மக்கிய எரு கால் பங்கு, அடியில் துவாரமுள்ள மண்தொட்டி, இவை போதும். விரலை நுழைத்துப் பார்த்து மண் முற்றிலும் காய்ந்திருந்தால் மட்டும், துவாரம் வழியே வடியுமளவு ஊற்றுக. ஆனி, ஆடியில் குமுளிப் பக்கத்திலிருந்து வரும் சாரலும் ஐப்பசி அடைமழையும் மேலே விழலாகாது. மேற்கே மலை எழுந்து நிற்பதால் மாலை வெயில் இங்கே சீக்கிரம் மறைகிறது. கிழக்கு ஜன்னலே உத்தமம். கூடத்து மூலையில் அழகுக்கு வைத்தால் செடி வெளிச்சத்தைத் தேடி மெலிந்து நீளுமே தவிர, பூக்காது.

பூவின் இரகசியம் பட்டினியில் இருக்கிறது. கார்த்திகை முதல் தை முடியத் தண்ணீரை மிகவும் குறைத்து ஓய்வு கொடுத்தால், மாசி, பங்குனியில் மொட்டுக் கட்டும். பிரம்ம கமலத்துக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது. அது மரக்கிளைகளில் தொற்றி வாழ்ந்த குலம். இளநிழலும் சிறிது ஈரமும் கேட்கும்.

வாங்கும்போது சற்று எச்சரிக்கை வேண்டும். சில கடைகளில் கள்ளியின் தலையில் காய்ந்த பூவைப் பசையால் ஒட்டி விற்கிறார்கள். பல வாரமாகியும் வாடாத பூ என்றால் சந்தேகப்படலாம். பச்சைத் தண்டின்மேல் செக்கச்சிவந்த உருண்டை ஒன்று உட்கார்ந்திருப்பதும் பூவல்ல. பச்சையம் இல்லாத கள்ளியை வேறொரு கள்ளியில் ஒட்டுக்கட்டியது. அடித்தண்டு போனால் அதுவும் போய்விடும்.

மாமிலாரியாவில் பல வகைகள் பக்கத்தில் குட்டி போடும். பழைய பத்திரிகைத்தாளைப் பட்டையாய் மடித்துச் சுற்றிப் பிடித்தால் முள் குத்தாமல் குட்டியைப் பிரிக்கலாம். வெட்டுவாய் உலர நாலைந்து நாள் நிழலில் போட்டு, பிறகு நட்டு, ஒரு வாரம் கழித்தே முதல் தண்ணீர் விடுக.