தையல் வலிக்கு அரைமணி நேரக் கதை

அமெரிக்காவின் சிகாகோ நகரிலுள்ள லூரி குழந்தைகள் மருத்துவமனையில், பெரிய ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த 9 முதல் 14 வயது வரையிலான சுமார் 60 பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழு ஹெட்போனில் தங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்டது. இரண்டாவது குழு ஒலிப்புத்தகத்தில் கதை கேட்டது. மூன்றாவது குழுவுக்கு வெளிச் சத்தத்தைத் தடுக்கும் ஹெட்போன் மட்டும். அதில் எதுவும் ஒலிக்கவில்லை. எல்லோருக்கும் அரைமணி நேரம். பாட்டும் கதையும் கேட்டவர்களுக்கு வலி கணிசமாகக் குறைந்தது. 2015-இல் வெளியான இந்த ஆய்வை வடிவமைத்தபோது சுனிதா சுரேஷ், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பயோமெடிக்கல் பொறியியல் மாணவி. அதே மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணராக இருந்த அவருடைய தந்தை சந்தானம் சுரேஷும் ஆய்வில் பங்கேற்றார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது மூன்றாவது குழுவை. சத்தமில்லாத ஓய்வு மட்டும் அவர்களுக்கு அதே பலனைத் தரவில்லை. மனம் பற்றிக்கொள்ள ஏதோ ஒன்று தேவைப்பட்டது.

மருந்து இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். கடுமையான வலிக்குத் தரப்படும் மார்ஃபின் வகை மருந்துகள் வாந்தி, அரிப்பு, மலச்சிக்கலைக் கொண்டுவரும். அளவு கூடினால் மூச்சே மந்தமாகும். டான்சில் ஆபரேஷனுக்குப் பின் கோடீன் கொடுத்து வந்த காலம் உண்டு. சில குழந்தைகளின் உடல் அதை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிட, மூச்சடங்கி உயிர் போன சம்பவங்கள் நடந்தன. அந்த ஆபரேஷனுக்குப் பின் குழந்தைகளுக்குக் கோடீன் தரக்கூடாது என்று 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. 2017-இல் 12 வயதுக்குட்பட்ட யாருக்குமே கூடாது என்றது. அதற்காக மருந்துக்குப் பயந்து குழந்தையை வலியில் விட்டுவிடவும் முடியாது. இந்த இடத்தில்தான் பாட்டும் கதையும் கைகொடுக்கின்றன.

அடிபட்ட முழங்காலைத் தேய்த்துவிட்டால் ஏன் வலி குறைகிறது? ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். வலிச் செய்தி நேராக மூளைக்குப் போய்விடுவதில்லை. தண்டுவடத்தில் ஒரு வாசல் இருக்கிறது, தொடுஉணர்வும் மூளையிலிருந்து வரும் உத்தரவும் அதைத் திறக்கவோ சாத்தவோ செய்யும் என்றார்கள். பிற்காலத்தில் இந்தக் கோட்பாட்டில் திருத்தங்கள் வந்தன, அடிப்படை நிலைத்தது. 2012-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆய்வாளர்கள், பெரியவர்களின் கையில் சூடு வைத்து வலியுண்டாக்கி, அதே நேரத்தில் கடினமான நினைவாற்றல் பயிற்சி ஒன்றையும் செய்யச் சொன்னார்கள். மனம் பயிற்சியில் மூழ்கியபோது வலிச் செய்தி தண்டுவடத்திலேயே தணிவது ஸ்கேனில் தெரிந்தது. மார்ஃபின் வகை மருந்தை முறிக்கும் நலாக்சோனைக் கொடுத்தபோது, அந்த நிவாரணத்தில் 40 சதவீதம் போய்விட்டது. கவனம் திரும்பும்போது உடல் தன்னிடமுள்ள வலி நிவாரணியைச் சுரக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

திரை இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோனது. சியாட்டில் நகரில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற இருவர் தீக்காய நோயாளிகளுக்காக ‘ஸ்னோவேர்ல்ட்’ என்ற மெய்நிகர் உலகத்தை உருவாக்கினார்கள். புண்ணில் கட்டு மாற்றும்போது நோயாளி பனிப்பள்ளத்தாக்கில் மிதந்தபடி பனிமனிதர்கள்மேல் பனியுருண்டை எறிவார். எதைப் பார்த்தாலும் குளிர்ச்சி, கைக்கு ஓயாத வேலை. சும்மா வீடியோ பார்ப்பதைவிட, பிள்ளை தானே ஏதாவது செய்யும் விளையாட்டு கவனத்தை ஆழமாக இழுக்கும் என்ற எண்ணம் இதில் இருக்கிறது.

இதை மிகைப்படுத்திவிடவும் கூடாது. குழந்தைகளின் திடீர் வலிக்கு மெய்நிகர் கருவிகள் உதவுமா என்று 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. மொத்தம் 1,008 பிள்ளைகள். கிடைத்த ஆதாரம் பலவீனமானது என்றே அது முடித்தது. மயக்க மருந்துக்குப் பின் குமட்டல் இருக்கும் பிள்ளைக்குக் கண்ணை மூடும் ஹெட்செட் மேலும் தலைசுற்றலைத் தரலாம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் மாட்டக்கூடாது. இதையெல்லாம் பார்க்கும்போது, ஒரு செல்போனும் கதையும் எளிய தொடக்கம் என்பேன்.

எந்த நேரத்தில் தருகிறோம் என்பது முக்கியம். படுத்திருக்கும்போது சமாளிக்கும் பிள்ளைக்கு இருமும்போதும், எழுந்து உட்காரும்போதும், பிளாஸ்டரைப் பிரிக்கும்போதும்தான் உயிர் போகும். மருந்தை நேரத்துக்குக் கொடுத்துவிட்டு, நர்ஸ் டிரெஸ்ஸிங் டிரேயோடு வருவதற்குச் சில நிமிடம் முன்பே கதையைத் தொடங்கிவிட வேண்டும். வலி ஏறிய பிறகு மனத்தைத் திருப்புவது கடினம். பாட்டோ கதையோ, தேர்வு பிள்ளையுடையதாக இருக்கட்டும். வயிற்றில் தையல் இருந்தால் காமெடி வீடியோ வேண்டாம், சிரித்தால் தையல் இழுக்கும்.

என் கவலை வேறொன்று. போனைக் கொடுத்ததும் பிள்ளை சத்தம் போடாமல் இருந்தால், வலி போய்விட்டது என்று நாம் எண்ணிவிடுகிறோம். பிள்ளைகளின் வலியைப் பெரியவர்கள் தவறாகக் கணிப்பது புதிதல்ல. 1980-கள் வரை, பச்சிளங்குழந்தைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று நம்பி, போதிய வலி நிவாரணி இல்லாமலே ஆபரேஷன் செய்த வரலாறு மருத்துவத்துக்கு உண்டு. அந்த நம்பிக்கையை அசைத்ததில் இந்தியாவில் பிறந்த டாக்டர் கே.ஜே.எஸ். ஆனந்த் 1987-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. அதனால் கதைக்கு முன்னும் பின்னும் பிள்ளையைக் கேட்டுவிட வேண்டும். சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடியும் ஆறு முகங்கள் கொண்ட வாங்-பேக்கர் அட்டை இதற்கென்றே இருக்கிறது. “இதில எது இப்ப உன் முகம்?” என்றால் மூன்று வயதுப் பிள்ளைகூட விரலை வைத்துக் காட்டிவிடும்.

கதை ஓடியும், மருந்து கொடுத்தும் விரல் அழும் முகத்தை நோக்கியே நகர்கிறதென்றால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு போட்ட கையில் ஏறிக்கொண்டே போகும் வலி, உள்ளே அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் தடைபடுவதன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது கட்டைத் தளர்த்த வேண்டியிருக்கும், அதுவும் உடனடியாக.